செப்டம்பர் 30: கனடாவில் யாருக்கு விடுமுறை, எதற்காக?

கனடாவில் செப்டம்பர் 30, உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான தேசிய நாள். 2021 ஜூனில் நிறைவேறிய சட்டத்தால் வந்த விடுமுறை. ஆனால் எல்லாத் தொழிலாளர்களுக்கும் அது கிடைப்பதில்லை.

வங்கி, விமான நிறுவனம், தொலைத்தொடர்பு, மாகாண எல்லை தாண்டும் ரயில், லாரி ஆகியவை மத்திய தொழிலாளர் சட்டத்துக்குள் வருகின்றன. அங்கே வேலை செய்பவர்களுக்கு அன்று சம்பளத்துடன் விடுமுறை. வேலைக்கு அழைத்தால், விடுமுறைச் சம்பளத்தோடு அன்று உழைத்த நேரத்துக்கு ஒன்றரை மடங்கு ஊதியமும் தர வேண்டும். இடைவிடாமல் இயங்கும் பணியிடங்களில் பதிலாக வேறொரு நாள் விடுப்பும் தரலாம். கடை, உணவகம், தொழிற்சாலை போன்றவற்றுக்குப் பெரும்பாலும் மாகாணச் சட்டம்தான். பிரிட்டிஷ் கொலம்பியா 2023இல் இந்த நாளைச் சேர்த்துக்கொண்டது, மானிற்றோபா 2024இல். நம்மவர்கள் அதிகம் வாழும் ஒன்ராறியோ இன்னும் சேர்க்கவில்லை. இது பெருங்குறை.

இந்த நாள் எதற்கு என்பதுதான் முக்கியம். 19ஆம் நூற்றாண்டிலிருந்து 1990கள் வரை ஏறத்தாழ 1,50,000 பூர்வகுடிக் குழந்தைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு, அரசின் பணத்தில் திருச்சபைகள் நடத்திய உறைவிடப் பள்ளிகளில் சேர்க்கப்பட்டார்கள். தலைமுடியை வெட்டினார்கள். தாய்மொழியில் பேசினால் அடித்தார்கள். ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வீடு திரும்பவே இல்லை. தாய்மொழிக்காக உயிர் கொடுத்தவர்களை நினைவுகூரும் நமக்கு இந்தக் கொடுமையைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

இந்தப் பள்ளிகளில் நடந்ததை விசாரித்த, நீதிபதி மரே சின்கிளேர் தலைமையிலான உண்மை, நல்லிணக்க ஆணையம் 6,500க்கும் மேற்பட்டோரின் சாட்சியங்களைக் கேட்டு, 2015இல் 94 பரிந்துரைகளைத் தந்தது. எண்பதாவது பரிந்துரைதான் இந்த விடுமுறை. அது ஆறு ஆண்டுகள் இழுபட்டது. 2021 மே மாத இறுதியில், பிரிட்டிஷ் கொலம்பியாவிலுள்ள கம்லூப்ஸ் பழைய உறைவிடப் பள்ளி வளாகத்தில் அடையாளமற்ற கல்லறைகள் இருக்கக்கூடும் என்று ரேடார் ஆய்வு காட்டிய செய்தி வந்தது. ஒரு வாரத்துக்குள் சட்டம் நிறைவேறியது. அதுவரை சாட்சி சொன்னவர்களின் வார்த்தை ஏன் போதவில்லை?

அன்று பிள்ளைகள் அணியும் ஆரஞ்சுச் சட்டைக்கும் காரணம் உண்டு. 1973இல் ஆறு வயதுச் சிறுமி பிலிஸ் வெப்ஸ்டாட், பாட்டி வாங்கிக் கொடுத்த புது ஆரஞ்சுச் சட்டையை உறைவிடப் பள்ளிக்குப் போட்டுப் போனார். முதல் நாளே அதைக் கழற்றி எடுத்துக்கொண்டார்கள். திரும்பக் கொடுக்கவே இல்லை. சட்டை வாங்குவதென்றால் பூர்வகுடிக் கலைஞர்களிடமோ, வருமானத்தை அவர்களுடைய அமைப்புகளுக்குக் கொடுப்பவர்களிடமோ வாங்குங்கள்.

ஒன்ராறியோவில் அன்று வேலை நாளாக இருந்தாலும், மாலையில் வீட்டிலிருந்தே வின்னிபெக்கிலுள்ள உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான தேசிய மையத்தின் இணையதளத்தைத் திறக்கலாம். இறந்த குழந்தைகளின் பெயர்கள் அங்கே பள்ளிவாரியாக இருக்கின்றன. பிள்ளைகளோடு அமர்ந்து வாசியுங்கள்.