ஒரு பந்தை அடிக்க எதற்கு 14 கிளப்?

தொலைக்காட்சியில் கோல்ஃப் பார்த்த வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “அசையாமல் கிடக்கிற பந்து. அதை அடிக்க ஒரு மட்டை போதாதா? பை நிறையச் சுமந்துகொண்டு ஒருவர் பின்னாலேயே நடக்கிறாரே, எல்லாம் பந்தாதானே?”

பந்தாவும் உண்டு, மறுப்பதற்கில்லை. 1930களில் சிலர் 20க்கு மேல் கிளப்புகளோடு ஆட வந்தார்கள். பிறகு 1938இல் அமெரிக்காவிலும் அடுத்த ஆண்டு பிரிட்டனிலும் 14க்கு மேல் கூடாது என்று விதி போட்டார்கள். ஆனால் அந்த 14ஐயும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிப்பது பந்தா அல்ல, ஒரு கோணம்.

கிளப்பின் தலையில் பந்தைத் தொடும் பரப்புக்கு முகம் என்று பெயர். கிளப்பைத் தரையில் வைத்தால் அந்த முகம் செங்குத்தாக நிற்காது, கொஞ்சம் பின்னால் மல்லாந்திருக்கும். எவ்வளவு மல்லாந்திருக்கிறது என்பதுதான் லாஃப்ட். அதிக தூரத்துக்கான டிரைவரில் சுமார் 10 டிகிரி, இடைப்பட்ட தூரத்துக்கான இன்றைய 7ஆம் எண் அயர்னில் 30ஐ ஒட்டி, மணலிலிருந்து அடிக்கும் சாண்ட் வெட்ஜில் 56 போல. கிளப்பின் எண் ஏற ஏற லாஃப்ட் கூடும், தண்டு குட்டையாகும், பந்து உயரமாக எழும்பிக் கிட்டத்தில் விழும்.

எதை எப்போது எடுப்பது என்பது இதிலேயே பாதி வந்துவிடும். ஆட்டத்தைத் தொடங்கும்போது பந்தை டீ என்ற சிறு ஆணியின்மேல் வைத்து, அதிக தூரத்துக்கு டிரைவர். புல்லில் கிடக்கும் பந்தை நீண்ட தூரம் அனுப்ப ஃபேர்வே வுட் அல்லது ஹைபிரிட். இடைப்பட்ட தூரங்களுக்கு அயர்ன்கள். குழி இருக்கும் கிரீனை நெருங்கியதும் வெட்ஜ். கிரீனில் உருட்டிவிட பட்டர். உருட்டுவதற்கு லாஃப்ட் எதற்கு என்று தோன்றும். ஆனாலும் பட்டருக்கும் 3, 4 டிகிரி உண்டு. பந்து தன் எடையால் புல்லில் லேசாகப் புதைந்து உட்கார்ந்திருக்கும். அந்தப் பள்ளத்திலிருந்து அதைக் கிளப்பிவிட அவ்வளவு சாய்வு வேண்டும்.

சரி, இப்போது பள்ளிக்கூடக் கணக்குக்கு வருவோம். எறியப்பட்ட பொருள் அதிக தூரம் போக 45 டிகிரியில் எறிய வேண்டும் என்று படித்தோம். தொழில்முறை ஆட்டக்காரர்கள் டிரைவரால் அடிக்கும் பந்து சராசரியாக 11 டிகிரியில்தான் புறப்படுகிறது. அதுதான் எல்லாவற்றையும்விடத் தொலைவில் போய் விழுகிறது. கணக்கில் எங்கே ஓட்டை?

கிளப்பும் பந்தும் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஒரு நொடியில் சுமார் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அதற்குள் நடப்பதைப் பாருங்கள். பந்து நசுங்கி முகத்தோடு ஒட்டுகிறது. முகம் சாய்ந்திருப்பதால் பந்து அதன்மேல் ஏறி நழுவப் பார்க்கிறது. உராய்வு விடுவதில்லை, பந்தின் பின்பக்கத்தைப் பிடித்துக் கீழே இழுக்கிறது. பின்பக்கம் கீழே போனால் மேல்பக்கம் பின்னோக்கி வர வேண்டும். ஆக, முன்னால் பாயும் பந்து பின்னோக்கிச் சுழன்றபடியே கிளம்புகிறது. டிரைவரில் இது நிமிடத்துக்குச் சுமார் 2,700 சுற்று. 7ஆம் எண் அயர்னில் 7,000. பிட்சிங் வெட்ஜில் 9,000ஐத் தாண்டும்.

இப்படிச் சுழலும் பந்து தன்னைக் கடக்கும் காற்றைக் கீழ்நோக்கித் திருப்பிவிடுகிறது. காற்றைக் கீழே தள்ளினால் காற்று பந்தை மேலே தள்ளும். நியூட்டனின் மூன்றாம் விதி, மேக்னஸ் விளைவு, அவ்வளவுதான். எனக்கு இன்னும் அலுக்காத விஷயம் அந்தத் தள்ளலின் அளவு. பந்தின் எடை 46 கிராமுக்கும் சற்றுக் குறைவு. பலமாக அடித்த டிரைவர் ஷாட்டில், கிளம்பிய புதிதில் காற்றின் தூக்குவிசை அந்த எடையையும் மிஞ்சிவிடுகிறது. அதனால்தான் பந்து பரவளையத்தை மதிக்காமல், போகப் போக மேல்நோக்கி வளைகிறது. 45 டிகிரி விதி காற்றில்லாத உலகத்துக்கானது. இங்கே பந்துக்குக் கண்ணுக்குத் தெரியாத இறக்கை முளைத்திருக்கிறது.

இதைக் கணக்கோடு ஆராய்ந்தவர் எடின்பரோவின் இயற்பியல் பேராசிரியர் பீட்டர் கத்ரி டெயிட். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், பந்தில் நாடாவைக் கட்டி அடிக்கவைத்து, நாடா எத்தனை முறுக்கு ஏறியிருக்கிறது என்று எண்ணிச் சுழற்சியை அளந்தார். அவர் மகன் ஃபிரெடி இரண்டு முறை பிரிட்டிஷ் அமெச்சூர் சாம்பியன். இன்று ஒரு பேராசிரியர் நாடாவோடு போய் ஆராய்ச்சி நிதி கேட்டால் “இதனால் என்ன பயன்?” என்ற கட்டத்தை நிரப்பச் சொல்லியே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்தக் கட்டத்தின்மேல் எனக்குக் கோபம் உண்டு.

வெட்ஜில் சுழற்சியின் வேலை வேறு. பந்து செங்குத்தாக இறங்கி, விழுந்த இடத்திலேயே நிற்கவோ பின்னால் உருளவோ வேண்டும். முகத்தில் இருக்கும் கோடுகள் பந்தைக் கடித்துச் சுழற்றுகின்றன என்று பலரும் நம்புகிறார்கள். பந்தும் முகமும் உலர்ந்து சுத்தமாக இருந்தால், கோடுகள் இல்லாமலே நல்ல சுழற்சி வரும். அவற்றின் முக்கிய வேலை டயர் பள்ளங்களின் வேலைதான்: நடுவில் சிக்கும் ஈரத்துக்கும் புல்லுக்கும் வழிவிடுவது. உயரமான புல்லிலிருந்து அடித்த பந்து சில சமயம் நினைத்ததைவிட நீளமாக ஓடிவிடுவதும் இதனால்தான். இடையில் புல் சிக்கி, உராய்வு குறைந்து, சுழற்சி போய்விடுகிறது.

மணல்குழியில் இன்னொரு தந்திரம். சாண்ட் வெட்ஜின் அடிப்பாகம் படகுபோல் புடைத்திருக்கும், மணலைத் தோண்டாமல் வழுக்கிப் போகும். கிளப் பந்தைத் தொடுவதே இல்லை. பந்துக்குப் பின்னால் மணலில் இறங்குகிறது, தெறிக்கும் மணல் பந்தை வெளியே தூக்கி வருகிறது. அமெரிக்க ஆட்டக்காரர் ஜீன் சாரசன் இப்படியொரு கிளப்பைத் தானே ஈயம் ஒட்டி உருவாக்கி, 1932இல் பிரிட்டிஷ் ஓபனை வென்றார்.

காற்றே இல்லாத இடத்தில் எந்தக் கிளப்பை எடுப்பது? 1971இல் அப்பல்லோ 14 பயணத்தின்போது ஆலன் ஷெப்பர்ட் நிலவில் இரண்டு பந்துகளை அடித்தார். மண் அள்ளும் கருவியின் கைப்பிடியில் 6ஆம் எண் அயர்னின் தலையைப் பொருத்தி, விண்வெளி உடை மடங்காததால் ஒற்றைக் கையால் வீசினார். அங்கே சுழற்சியால் ஒரு பயனும் இல்லை, பள்ளிக்கூடப் பரவளையம் அப்படியே செல்லும். அப்படியானால் 45 டிகிரியில் புறப்பட வைக்கும் வெட்ஜ்தானே சரி? இல்லை. லாஃப்ட் கூடினால் அடி சாய்வாக விழுந்து பந்தின் வேகம் குறையும். இரண்டையும் சேர்த்துக் காகிதத்தில் தோராயமாகப் போட்டுப் பார்த்தேன். ஒரே வேகத்தில் வீசினால், காற்றில்லாத இடத்தில் அதிக தூரம் தரும் லாஃப்ட் 32 டிகிரிக்குப் பக்கத்தில் வந்தது. அது கிட்டத்தட்ட அந்தக் காலத்து 6ஆம் எண் அயர்ன்தான்; அன்றைய அயர்ன்களுக்கு இன்றையதைவிட லாஃப்ட் கூடுதல்.