பழைய மாடல் கிட்டும் அதனோடு வரும் ஈயமும்

தொழில்சார் நோய்களைப் பார்க்கும் மருத்துவன் நான். பேட்டரிப் பட்டறைக்காரர்களுக்கு எழுதிக்கொடுக்கும் இரத்த ஈயப் பரிசோதனையை, மாடல் விமானம் கட்டுகிறவர்களுக்கும் அவ்வப்போது எழுத வேண்டியிருக்கிறது. பழைய மீட்பு விமானக் கிட்களை, அதாவது பாகங்களை ஒட்டிக் கட்டும் மாடல் தொகுப்புகளை, தேடி வாங்குகிறவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

மோனோகிராம் என்ற மாடல் நிறுவனத்தின் 1/72 (அசலில் 72இல் ஒரு பங்கு அளவு) கிரம்மன் அல்பட்ராஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1947இல் முதலில் பறந்த இந்த நீர்நில விமானம், கொரியப் போரிலும் வியட்நாமிலும் கடலில் விழுந்த விமானிகளை மீட்டது. அமெரிக்கக் கடலோரக் காவல்படை 1983 வரை இதைப் பறக்கவிட்டது. ஆசையோடு கட்ட வேண்டிய விமானம்தான். ஆனால் மூக்குக்கு அடியில் சக்கரம் இருப்பதால், முன்பக்கம் கனம் வைக்காவிட்டால் மாடல் வாலில் உட்கார்ந்துவிடும். அந்தக் கனத்துக்குப் பலரும் ஈயக் குண்டுகளைப் போட்டு, மரவேலை வெள்ளைப் பசையால் ஒட்டிவிடுகிறார்கள்.

வெள்ளைப் பசையிலிருந்து அசிட்டிக் அமிலம் மெல்லக் கசியும். மூடிய கூட்டுக்குள் அது ஈயத்தை அரிக்க, ஈரமும் கரியமில வாயுவும் சேர்ந்து ஈயக் கார்பனேட் என்ற வெள்ளை மாவு உண்டாகிறது. ஈயத்தைவிட அதிக இடம் பிடிக்கும் அந்த மாவு உப்பி, சில வருடங்களில் மூக்கையே பிளந்துவிடும். யாரோ பாதி கட்டி விற்ற கிட்டை வாங்கியவர் விரிசலைப் பிரித்து, மாவை வாயால் ஊதுகிறார். அந்தத் தூசு நேராக மூச்சில் போகிறது, மேசையில் இருக்கும் டீயிலும் விழுகிறது. தயவுசெய்து ஊதாதீர்கள். ஈரத்துணியால் துடைத்து, துணியை ஒரு பையில் கட்டிப் போடுங்கள். புதிதாகக் கட்டும்போது இரும்பு நட்டு, வாஷர் போதும், எபாக்ஸியால் ஒட்டுங்கள்.

அடுத்தது நிறம். தூரத்திலிருந்தே கண்ணில் பட வேண்டும் என்பதால் மீட்பு விமானங்களுக்கு மஞ்சள் அதிகம். அமெரிக்க விமானப்படை அல்பட்ராஸில் கறுப்பு விளிம்பிட்ட மஞ்சள் பட்டை. பிரிட்டிஷ் விமானப்படையின் மீட்பு ஹெலிகாப்டர்களோ 2015 வரை முழுக்க மஞ்சளாக இருந்தன. பழைய மஞ்சள் எனாமல் பெயின்டில் ஈயக் குரோமேட் இருக்கலாம். ஈயத்தோடு, புற்றுநோய் உண்டாக்கும் குரோமியமும் அதில் சேர்ந்தே வருகிறது. அமெரிக்காவில் வீட்டுப் பெயின்டில் ஈயத்துக்குத் தடை வந்தது 1978இல்தான். கிட்டோடு பழைய டப்பா வந்தால் திறக்காமல் ஒதுக்கிவிடுங்கள். பெயின்ட் அடித்த பழைய மாடலில் உலர்ந்த உப்புத்தாளைப் போடாதீர்கள். தண்ணீர் தொட்டுத் தேயுங்கள்.

பசை, தின்னர் ஆவியைத் துணி மாஸ்க் தடுக்காது. ஏசி அறையை விட்டு, ஜன்னலோரம் உட்காருங்கள்.

குழந்தைகளின் இரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் ஆபத்தில்லை என்று சொல்லும்படி ஓர் அளவே கிடையாது. சாப்பாட்டு மேசையில் மாடல் கட்டும் வீடுகளில் இதைத்தான் முதலில் சொல்கிறேன். விடாத வயிற்றுவலி, மலச்சிக்கல், காரணம் தெரியாத சோர்வு இருந்தால் மருத்துவரிடம் உங்கள் பொழுதுபோக்கையும் சொல்லுங்கள். சொன்னால்தான் இரத்த ஈயப் பரிசோதனை எழுத அவருக்குத் தோன்றும்.