உம்மநீரு, லைக்கர், பனிக்குட நீர்: எல்லாம் ஒண்ணுதான்

ஆந்திரால நகரி, புத்தூர் பக்கம் ஸ்கேன் எடுத்துட்டு வர்ற பொண்ணுங்கள கேட்டா "உம்மநீரு கம்மியா இருக்காம்க்கா"னுதான் சொல்லுவாங்க, வீட்ல தமிழ் பேசுனாலும் இந்த வார்த்தை மட்டும் தெலுங்குலதான் வரும், ஆஸ்பத்திரில நர்சம்மா அப்படித்தானே சொல்லி அனுப்புறாங்க. ரிப்போர்ட்ல பாத்தா 'லைக்கர்'னு இருக்கும். ஒயின்ஷாப் லிக்கருக்கும் இதே எழுத்துதான், ஆனா லத்தீன்ல வெறும் திரவம்னு அர்த்தம், வீட்டுக்காரர் பயப்பட வேணாம். அம்னியான்ங்கிறது கிரேக்கச் சொல்லு, குழந்தைய சுத்தி இருக்குற மெல்லிசு சவ்வுப்பை. நம்ம தமிழ்ல பனிக்குடம், உள்ள இருக்குறது பனிக்குட நீர். பாட்டிமாருங்க பன்னீர்க்குடம்னுவாங்க, அதுவும் சரிதான்.

ஏஎஃப்ஐனு ஒரு நம்பர் போட்டிருப்பாங்கல்ல, வயித்த நாலு பாகமா பிரிச்சு ஒவ்வொண்ணுலயும் தண்ணி ஆழமா இருக்குற இடத்த மேலேருந்து கீழ அளந்து நாலையும் கூட்டுறது. மொத்தம் 5 செ.மீ.க்கு கீழ போனா ஆலிகோஹைட்ராம்னியாஸ். ஆலிகோன்னா கொஞ்சம், ஹைட்ரோன்னா தண்ணி. தமிழ்ல பனிக்குட நீர்க் குறைவுன்னாலே போதும்.

இந்தத் தண்ணி எங்கேருந்து வருதுன்னா, கர்ப்பத்துல பாதி மாசம் தாண்டுனா பெரும்பாலும் குழந்தை போற மூத்திரம்தான். அதையே முழுங்கும், திரும்ப போகும். நஞ்சு, அதாவது நஞ்சுக்கொடி (பிளசென்டா) வழியா ரத்தம் சரியா வரலன்னா குழந்தை இருக்குற ரத்தத்த மூளைக்கும் இதயத்துக்கும் திருப்பி விட்டுடும், கிட்னிக்கு கம்மியாகும், மூத்திரம் குறையும், உம்மநீரும் குறையும். அதனாலதான் தண்ணி குறைஞ்சா டாக்டருங்க உடனே குழந்தை எடைய பாக்குறாங்க. குடம் லேசா கசிஞ்சாலும், குழந்தை கிட்னில கோளாறு இருந்தாலும் குறையும், அது வேற கதை. தண்ணி நிறைய குடிம்மானு சொல்றாங்களே, குடிச்சா நம்பர் கொஞ்சம் ஏறலாம், ஆனா நஞ்சுல இருக்குற பிரச்சனை அப்படியேதான் இருக்கும்.

எடை விஷயத்துல, குழந்தை வயித்துக்குள்ள சரியா வளராததுக்கு ஐயுஜிஆர்னு பேரு, இப்ப எஃப்ஜிஆர்ங்கிறாங்க. கடைசில வர்ற ஆர்ங்கிற எழுத்துக்கு அப்பல்லாம் ரிட்டார்டேஷன்னு விரிவு, மூளை வளர்ச்சி இல்லாத குழந்தைனு பெத்தவங்க கலங்கிப்போனதால ரெஸ்ட்ரிக்‌ஷன்னு மாத்துனாங்க. தமிழ்ல கருவளர்ச்சிக் குறைவுனு எழுதுறாங்க, எனக்கு அது ஒப்பல, கருவளர்ச்சித் தடைங்கிறதுதான் பொருத்தம். அதே வாரத்து நூறு குழந்தைல எடைல கடைசி பத்துக்குள்ள வந்தா சின்னக் குழந்தைனு கணக்கு, அதுல பாதிக்கு மேல அம்மா அப்பா மாதிரியே சின்ன உடம்பா நல்லாவே இருக்கும். வளர வேண்டியது வளர முடியாம நிக்குறதுதான் தடை. ரெண்டையும் பிரிச்சுப் பாக்கத்தான் டாப்ளர் ஸ்கேன், தொப்புள்கொடில ரத்தம் எப்படி ஓடுதுனு அதுல தெரியும், ரிப்போர்ட்ல உம்மநீரும் கம்மி எடையும் கம்மினு போட்டிருந்தா டாப்ளர் எப்ப எடுக்கணும்னு அன்னிக்கே டாக்டர்கிட்ட கேட்டுருங்க.