ஒரு ஆல்பத்தின் 12 பாட்டுகளை நமக்குப் பிடித்த வரிசையில் அடுக்குவது எப்படி?

பிடித்த ஆல்பத்தில் முதல் இரண்டு இடங்களும் கடைசி இரண்டு இடங்களும் யோசிக்காமலே வந்து விழும். 5ஆம் இடத்துக்கும் 9ஆம் இடத்துக்கும் நடுவில்தான் கை நிற்கும். நம் மனசுக்குள் தராசு உண்டு, அளவுகோல் கிடையாது. இரண்டு பாட்டை எதிரெதிரே வைத்தால் எது கனம் என்று சொல்லிவிடும். ஒரே பாட்டை மட்டும் கொடுத்து 'எத்தனை' என்று கேட்டால் தடுமாறும்.

பத்துக்கு இத்தனை என்று மார்க் போடும் முறை சொதப்புவது இதனால்தான். பாதிப் பாட்டுகள் 7, 8 என்று ஒரே இடத்தில் குவியும். சுருதி மட்டும் மாறும் தனித்தனி ஒலிகளை ஒவ்வொன்றாகக் கேட்கவைத்தால், ஏறக்குறைய ஆறு நிலைகளுக்கு மேல் ஆட்களால் பிழையில்லாமல் பிரித்துச் சொல்ல முடிவதில்லை என்பதை உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை எடுத்துக்காட்டியது. சுருதிக்கே இந்த நிலை என்றால் ரசனைக்குப் பத்துப் படி ரொம்ப அதிகம். போதாக்குறைக்கு, முதல் பாட்டுக்குப் போட்ட 8உம் பத்தாவது பாட்டுக்குப் போட்ட 8உம் ஒன்றாக இருப்பதில்லை.

ஆகவே ஜோடி ஜோடியாகக் கேட்பதே சரி. உளவியலாளர் லூயிஸ் தர்ஸ்டன் 1927இலேயே இதற்குக் கணித அடிப்படை போட்டுவிட்டார். 12 பாட்டுக்கு 66 ஜோடி வரும். ஜோடிக்கு மூன்று நிமிடம் என்றாலும் மூன்று மணி நேரத்தைத் தாண்டும். கணினியில் பட்டியலை அடுக்கப் பயன்படும் மெர்ஜ் சார்ட் முறையைக் கடன் வாங்கினால் அதிகபட்சம் 33 ஒப்பீட்டில் வேலை முடியும்.

12 பாட்டையும் மூன்று மூன்றாக நான்கு குழுவாகப் பிரியுங்கள். ஒவ்வொரு குழுவையும் அதற்குள் வரிசைப்படுத்த அதிகபட்சம் 3 ஒப்பீடு. பிறகு இரண்டிரண்டு குழுவாக இணைக்க வேண்டும். ஒரு குழுவில் பாட்டு எண்களின் வரிசை 4, 1, 3. இன்னொன்று 6, 2, 5 என்று வைத்துக்கொள்வோம். இரண்டின் தலையை மட்டும் மோதவிடுங்கள்: 4ஆ, 6ஆ? 6 வென்றால் அது முதலிடம். அடுத்து 4ஆ, 2ஆ? 4 வென்றால் இரண்டாமிடம். பிறகு 1ஆ, 2ஆ? இப்படியே போக, ஒரு பக்கம் தீர்ந்ததும் மறுபக்கத்தில் மீதி இருப்பதைக் கேட்காமலே கீழே சேர்த்துவிடலாம். 3உம் 3உம் சேர அதிகபட்சம் 5 ஒப்பீடு, 6உம் 6உம் சேர 11. மொத்தம் 12, 10, 11 ஆக 33.

இந்தச் சிக்கனத்துக்கு ஒரு விலை உண்டு. எந்த ஜோடியும் ஒரு முறைதான் கேட்கப்படுகிறது. ஆரம்பத்தில் ஒரு தவறான பதில் சொல்லிவிட்டால் அந்தப் பாட்டு மேலே வர வழியே இல்லாமல் கீழே புதைந்துவிடும். அதனால் இறுதிப் பட்டியலில் அடுத்தடுத்து நிற்கும் 11 ஜோடிகளையும் மறுநாள், கேட்கும் வரிசையைத் திருப்பிப்போட்டு, இன்னொரு முறை கேளுங்கள். கீழே இருப்பது வென்றால் இடம் மாற்றி, அது தோற்கும்வரை மேலே ஏற்றிக்கொண்டே போங்கள். அப்படியும் மொத்தம் பெரும்பாலும் 66ஐவிடக் குறைவாகவே வரும்.

கேட்கும்போது அதிகம் ஏமாற்றுவது ஒலி அளவு. ஒரு டெசிபல் கூடினாலே, 'சத்தமாக இருக்கிறது' என்று தோன்றாமல் 'நன்றாக இருக்கிறது' என்றுதான் தோன்றும். ஸ்பாட்டிஃபை போன்ற செயலிகள் ஒலியைச் சமன்செய்கின்றன. ஆனால் ஆல்பத்தை வரிசையாக ஓடவிட்டால் மொத்த ஆல்பத்துக்கும் ஒரே அளவில்தான் கூட்டவோ குறைக்கவோ செய்யும், மென்மையான பாட்டு மென்மையாகவே ஒலிக்கும். வேறு ஆல்பங்களின் பாட்டுகளோடு கலந்த பிளேலிஸ்டில் போட்டால் ஒவ்வொரு பாட்டையும் தனித்தனியாகச் சமன்செய்யும். ஒப்பிட இதுவே ஏற்றது.

அடுத்தது பழக்கம். அடிக்கடி கண்ணிலும் காதிலும் பட்டாலே ஒன்று பிடித்துப்போகும் என்று உளவியலாளர் ராபர்ட் ஸயான்ஸ் 1968இல் காட்டினார். மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' ஆல்பத்தில் உள்ள 9 பாட்டுகளில் 7 சிங்கிளாக, அதாவது தனிப்பாட்டாகவும் வெளிவந்தவை. மீதி இரண்டும் ஓட்டப்பந்தயத்தைப் பல அடி பின்னால் இருந்தே தொடங்குகின்றன. அதிகம் கேட்காத பாட்டுகளை நான்கைந்து முறை தனியாகக் கேட்ட பிறகே போட்டிக்கு விடுங்கள். பழைய எல்பி தட்டில் கேட்டுப் பழகியவர்களுக்கு இன்னொரு சாய்வும் இருக்கும். தட்டின் வெளி விளிம்பில் ஊசிக்கு அடியில் பள்ளம் நொடிக்குச் சுமார் 51 செமீ நகர்கிறது. உள்ளே லேபிளை நெருங்கும்போது அது 21 செமீதான். உச்சஸ்தாயி ஒலிகள் அங்கே மங்கும், சிதறும். பக்கத்தின் கடைசிப் பாட்டு கீழே இறங்குவதில் பாட்டின் குற்றம் கொஞ்சம்தான் இருக்கலாம்.

எதை ஒரு பாட்டாக எண்ணுவது என்பதையும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும். பீட்டில்ஸின் 'அபே ரோட்' ஆல்பத்தில் 17 டிராக். இரண்டாம் பக்கத்தில் ஒன்றோடொன்று கோத்து வரும் மெட்லியின் 8 துண்டுகளை ஒன்றாகக் கொண்டால் 10 ஆகிறது. ஜோடிகள் 136இலிருந்து 45ஆகக் குறைகின்றன. 23 நொடி 'ஹெர் மெஜஸ்டி'யை முழுநீளப் பாட்டோடு மோதவிடுவது அபத்தம் என்றே படுகிறது; அதை வெளியே வைத்துவிடலாம்.

பொறுமையுள்ளவர்கள் 66 ஜோடியையும் கேட்டால் ஒரு வேடிக்கை தெரியும். 3ஆம் பாட்டு 7ஐ வெல்லும், 7 9ஐ வெல்லும், 9 திரும்பி 3ஐ வெல்லும். முதல் ஜோடியில் மெட்டைப் பார்த்தோம், இரண்டாவதில் வரிகளை, மூன்றாவதில் கிடாரை. இத்தகைய சுழல்களை எண்ண புள்ளியியல் ஆய்வாளர்கள் கெண்டல், பேபிங்டன் ஸ்மித் இருவரும் 1940இல் எளிய வழி தந்தார்கள். ஒவ்வொரு பாட்டின் வெற்றி எண்ணிக்கையையும் அதில் ஒன்று குறைந்த எண்ணால் பெருக்கி இரண்டால் வகுக்கவும். எல்லாவற்றையும் கூட்டி, 12 பாட்டில் மும்மூன்றாக எடுக்கக்கூடிய கூட்டங்களின் எண்ணிக்கையான 220இலிருந்து கழிக்கவும்; மிஞ்சுவது சுழல்களின் எண்ணிக்கை. 0 வந்தால் முரண்பாடே இல்லை. நாணயம் சுண்டிப் பதில் சொன்னால் சராசரியாக 55 வரும். ஒற்றை இலக்கத்தில் நின்றால் பட்டியலை நம்பலாம்.

இரண்டு வாரம் கழித்துப் பழைய பட்டியலைப் பார்க்காமல் புதிதாக ஒன்று போடுங்கள். 66 ஜோடிகளில் எத்தனை முன்பின்னாக மாறின என்று எண்ணுங்கள். இரண்டு பட்டியல்கள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று சொல்லும் எண் கெண்டலின் டௌ அளவு; முழுதும் ஒத்தால் அது 1. 10 மாறியிருந்தால், மாறாத 56இலிருந்து மாறிய 10ஐக் கழித்து வரும் 46ஐ 66ஆல் வகுத்தது, அதாவது சுமார் 0.70. மாறியவை பெரும்பாலும் நடுவில்தான் இருக்கும். அங்கே 5, 6, 7, 8 என்று தனித்தனி எண் போட வேண்டாம். நான்கையும் ஒரே படியில் வைத்து எழுதிவிடுங்கள்.