மின்தடை

நாளேட்டில் ‘நாளைய மின்தடை’ என்று வரும் அறிவிப்பு, பராமரிப்புப் பணிக்காக எந்தெந்தப் பகுதிகளில் மின்சாரம் நிறுத்தப்படும் என்பதைச் சொல்கிறது. அறிவியல் பாடநூலில் வரும் ‘மின்தடை’யோ, ஒரு கடத்தி தன் வழியே செல்லும் மின்னோட்டத்துக்குத் தரும் இடையூற்றின் அளவு, ஆங்கிலத்தில் ரெசிஸ்டன்ஸ் எனப்படுவது. முன்னதில் மின்சாரம் இல்லவே இல்லை. பின்னதை அளக்க வேண்டுமானால் மின்சாரம் ஓடியாக வேண்டும். ஒரே சொல் இவ்விரண்டுக்கும் வழங்குவதால், மாணவர் பலர் மின்தடையை ஓட்டத்தை நிறுத்தும் ஒன்றாகவே மனத்தில் பதித்துக்கொள்கின்றனர்.

சொல்லின் அமைப்பு எளிது. கொடு என்பதிலிருந்து கொடையும் விடு என்பதிலிருந்து விடையும் பிறந்தது போலத் தடு என்னும் வினையிலிருந்து தடை பிறந்தது. பழைய நூல்களுக்கு உரை எழுதியோர் மரபில் தடையும் விடையும் இணைந்தே வரும். ஒரு கருத்துக்கு எழுப்பப்படும் மறுப்பு தடை, அதற்கான மறுமொழி விடை. அந்தத் தடை வாதத்தை நிறுத்துவதில்லை, எதிர்கொண்டு கடக்க வேண்டியதாக நிற்கிறது. இயற்பியலின் மின்தடைக்கு நாளேட்டுப் பொருளைவிட இந்தப் பழம்பொருளே நெருக்கமானது.

ரெசிஸ்டன்ஸ் என்பதன் இலத்தீன் வேருக்கு எதிர்த்து நிற்றல் என்று பொருள். ஜெர்மானியர் வழங்கும் ‘விடர்ஷ்டாண்ட்’ என்ற சொல்லும் அதையே சொல்கிறது. அப்படியானால் ‘எதிர்ப்பு’ என்பதன்றோ நேர்ச்சொல் என்று கேட்கலாம். அச்சொல்லைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் மாறுதிசை மின்னோட்டத்துக்கு ஒரு சுற்று தரும் மொத்த இடையூறான இம்பீடன்ஸ் என்பதற்கு ‘மின்னெதிர்ப்பு’ என ஒதுக்கிவிட்டன. இம்பீடன்ஸ் என்பதன் வேரோ காலைக் கட்டிப்போடுதல், அதாவது தடுத்தல். வேர்ப்பொருளை மட்டும் பார்த்தால் இரு தமிழ்ச் சொற்களும் இடம் மாறி அமர்ந்திருக்கின்றன. ஆயினும் வழக்கில் ஊன்றிவிட்டவற்றை இனி மாற்றினால் குழப்பமே மிஞ்சும். இலங்கைப் பாடநூல்கள் மின் என்ற முன்னொட்டையும் விட்டுத் ‘தடை’ என்றே வழங்குகின்றன.

இந்தச் சொல்லுக்குத் திட்டமான அளவுப்பொருள் தந்தவர் ஜெர்மனியின் எர்லாங்கனில் 1789இல் பிறந்த கேயார்க் சைமன் ஓம். கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்தபோது அவர் சோதனைகளைச் செய்தார். வோல்ட்டா மின்கலங்களின் அழுத்தம் நிலையாக நில்லாமையால், முனைகளின் வெப்ப வேறுபாட்டால் மின்னழுத்தம் தரும், பிஸ்மத்தும் செம்பும் இணைந்த வெப்ப மின்னிரட்டையின் ஒரு முனையைக் கொதிநீரிலும் மறுமுனையைப் பனிக்கட்டியிலும் வைத்து நிலையான மூலம் ஒன்றைப் பெற்றார். 1827இல் நூலாக வெளியான அவருடைய முடிவு, மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் கிடைப்பது மின்தடை என இன்று பாடமாகிறது. அலகுக்கும் அவர் பெயரே: 1 வோல்ட் அழுத்தத்தில் 1 ஆம்பியர் ஓடினால் தடை 1 ஓம். இதன் தலைகீழ் அளவான கடத்துமைக்கு ஓம் என்பதன் ஆங்கில எழுத்துகளையே திருப்பிப் போட்டு ‘மோ’ என்று பெயரிட்டிருந்தனர். இப்போது அதன் அலகு சீமென்ஸ்.

ஆக, மின்தடை என்பது ஒரு விகிதம். வீட்டு இணைப்பின் 230 வோல்ட்டில் இஸ்திரிப் பெட்டி 4.35 ஆம்பியர் இழுத்தால் அதன் தடை ஏறத்தாழ 53 ஓம். இரண்டையும் பெருக்கினால் வரும் 1000 வாட் அதன் திறன். அதே அழுத்தத்தில் குண்டு பல்பு 0.26 ஆம்பியர் இழுத்தால் தடை ஏறத்தாழ 885 ஓம், திறன் 60 வாட். தடை குறைந்த பெட்டியே மிகுதியாகச் சூடாகிறது. அழுத்தம் மாறாதிருக்கையில் அதன் இருமடியைத் தடையால் வகுத்தால் திறன் கிடைக்கும் என்பதால், தடை கூடினால் திறன் குறையும். ஆனால் மின் பணியாளர் ‘சீரிஸ் போர்டு’ என்று சொல்லும் பலகையில் அந்தப் பல்பையும் பெட்டியையும் தொடராக இணைத்தால் பல்பு நன்றாக ஒளிரும், பெட்டி ஏறக்குறையக் குளிர்ந்தே கிடக்கும். இங்கே இரண்டிலும் ஓடுவது ஒரே மின்னோட்டம். அதன் இருமடியைத் தடையால் பெருக்குவதே திறன் என்பதால், தடை மிகுந்த பல்பே பெரும்பங்கை எடுத்துக்கொள்கிறது. ‘தடை கூடினால் சூடு கூடுமா?’ என்ற கேள்விக்கு, எது மாறாமல் இருக்கிறது என்று கேட்காமல் விடை சொல்ல முடியாது.

இன்னொன்றும் உண்டு. அணைந்து குளிர்ந்த பல்பை மல்டிமீட்டரில் வைத்துப் பார்த்தால் 885 ஓம் வராது. அதில் பத்தில் ஒரு பங்கு அளவே காட்டும். டங்ஸ்டன் இழை வெண்சூடு அடையும்போது தடை பன்மடங்கு உயர்வதே காரணம், கருவியில் பழுதில்லை.

பவர் என்பதற்குத் தமிழ்நாட்டில் ‘திறன்’ என்றும் இலங்கையில் ‘வலு’ என்றும் எழுதுகின்றனர். இலங்கை வழக்கில் ‘தடைத்திறன்’ என்றால், கம்பியின் நீளத்தையும் பருமனையும் சாராமல், அது செய்யப்பட்ட பொருளுக்கே உரிய தடைப்பண்பு. தமிழ்நாட்டில் அதற்கு ‘மின்தடை எண்’ என்று பெயர். சென்னை மாணவர் ஒருவர் யாழ்ப்பாணத்து நூலைப் படித்தால் அதை வாட் கணக்கு என்று எண்ணிவிடக்கூடும். திறன் என்பது ஒருவரின் ஆற்றலையும் தேர்ச்சியையும் குறிக்கும் பொதுச்சொல்லாகவும் இருப்பதால், இந்த ஓர் இடத்தில் எனக்கு ‘வலு’வே மேலாகப் படுகிறது. மின்தடையைப் பொறுத்தவரை, அறிவிப்புகளில் ‘மின்நிறுத்தம்’ என்று எழுதினாலே போதும், இயற்பியலுக்கு அதன் சொல் தனியே கிடைத்துவிடும்.