32,768-ஆவது மணி நேரம்

2019 நவம்பரில் சர்வர் தயாரிக்கும் எச்பிஇ நிறுவனம் ஓர் அவசர அறிவிப்பு விட்டது. தன் சர்வர்களில் போகும் சில எஸ்எஸ்டி (சிப்பில் தரவைச் சேமிக்கும் டிஸ்க்) மாடல்கள் மொத்தம் 32,768 மணி நேரம் ஓடியதும் செத்துவிடும், உள்ளே இருக்கும் தரவும் திரும்பாது, உடனே ஃபர்ம்வேரை (டிஸ்க்குக்குள்ளேயே ஓடும் மென்பொருளை) மாற்றுங்கள் என்று. அதாவது 3 வருடம், 270 நாள், 8 மணி நேரம்.

புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு இந்த எண்ணைப் பார்த்ததுமே பொறி தட்டும். 15 இரண்டுகளைப் பெருக்கினால் 32,768. மைனஸ் எண்களுக்கும் இடம் விட்ட 16 பிட் கவுன்டர் 32,767 வரைதான் எண்ணும். அடுத்த மணியில் மைனஸுக்குத் தாவிவிடும். ஒரு டிஸ்க் போனால் இன்னொன்று தாங்கும் என்றுதான் பல டிஸ்க்குகளைச் சேர்த்து ரெய்டு போடுகிறோம். ஒரே நாளில் ஆன் செய்த டிஸ்க்குகள் ஒரே மணியில் போனால் ரெய்டு என்ன செய்யும், பாவம்?

புதிதாக வந்த சர்வரா, ஓடித் தேறிய மாடலா என்று கேட்பவர்களிடம் இந்தக் கதையைத்தான் முதலில் சொல்வேன். சர்வருக்கு இரண்டு வயது. ஒன்று பெட்டியின் வயது, மற்றது வடிவமைப்பின் வயது. மோசமான ராம், மோசமான ஃபேன் போன்றவை ஒரு வாரம் முழுச் சுமையில் ஓட்டினால் பெரும்பாலும் வெளியே வந்துவிடும். வடிவமைப்புப் பிழை அப்படிச் சிக்காது. உலகத்தில் யாராவது அவ்வளவு நாள் ஓட்டியிருக்க வேண்டும்.

இன்டெலின் ஆட்டம் சி2000 சிப் 2013-இல் வந்தது. அதன் கடிகார சிக்னல் ஒன்று நாளடைவில் நின்றுபோய், பெட்டி பூட் ஆகாமல் போகலாம் என்பது 2017-இல்தான் பரவலாகத் தெரிந்தது. 2019 ஆகஸ்டில் வந்த ஏஎம்டி எபிக் 7002 சர்வர் சிப் வரிசையில் ஒரே சிப்பில் 64 கோர், அதாவது தனித்தனியாகக் கணக்குப் போடும் 64 பகுதிகள். முந்தைய தலைமுறையைப் போல இரண்டு மடங்கு. இப்படி ஒரு பாய்ச்சல் வரும்போது புதியதை வாங்காதே என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் ரீபூட் செய்யாமல் சுமார் 1,044 நாள் ஓடினால் அதில் ஒரு கோர் உறைந்துபோகலாம் என்று 2023-இல் தெரியவந்தது. மாதாமாதம் பேட்ச் போட்டு ரீபூட் செய்பவர் இந்தப் பிழையைப் பார்க்கவே மாட்டார். அப்டைமை, அதாவது ரீபூட் இல்லாமல் ஓடிய நாட்களை, பெருமையாகக் காட்டுபவர்தான் மாட்டுவார்.

சிப் கம்பெனிகள் எர்ராட்டா என்று பிழைப் பட்டியல் வெளியிடும். பழைய சிப்பின் பட்டியல் நீளமாக இருந்தால் பயப்பட வேண்டாம். பலவற்றுக்கு மாற்று வழியும் அதிலேயே இருக்கும். புதியதின் பட்டியல் சின்னதாக இருப்பதற்குக் காரணம், அதை இன்னும் யாரும் அவ்வளவாக ஓட்டிப் பார்க்கவில்லை என்பதாகவும் இருக்கலாம்.

அப்புறம் டிரைவர், அதாவது கார்டு போன்ற பாகங்களை இயக்கும் மென்பொருள். நிறுவனங்கள் வருடக்கணக்கில் மாற்றாமல் வைத்திருக்கும் லினக்ஸ் பதிப்புக்கு, நேற்று வந்த நெட்வொர்க் கார்டு எதுவென்றே தெரியாமல் போகலாம்.

கணக்கு வழக்கு டேட்டாபேஸுக்கு நான் முந்தைய தலைமுறை சர்வரைத்தான் எடுப்பேன். புதியது டெஸ்ட் வேலைக்குப் போகும். டேட்டாபேஸ் சர்வர் போனால் தாங்க வைத்திருக்கும் மாற்று சர்வரில் வேறு கம்பெனி டிஸ்க் போட்டு, ஒரு மாதம் தள்ளித்தான் ஆன் செய்வேன்.