வயதுக்கு வருதலா, ஆளாதலா? “கமிங் ஆஃப் ஏஜ்” என்னும் தொடருக்குத் தமிழ்

“கமிங் ஆஃப் ஏஜ்” என்ற தொடரைத் திரைப்படங்களைப் பற்றிப் பேசுவோர் தமிழிலும் அப்படியே சொல்லிவிடுகிறார்கள். பதின்வயதுப் பிள்ளை ஒருவர் ஏதோ ஓர் அனுபவத்துக்குள் நுழைந்து, முடிவில் பழைய பிள்ளையாக இல்லாமல் வேறொருவராக வெளியே வரும் கதைகளை அது குறிக்கிறது. தமிழில் எழுதவேண்டிய இடம் வந்தால், சிலர் அதைச் சொல்லுக்குச் சொல் மாற்றி “வயதுக்கு வருதல்” என்று எழுதிவிடுகிறார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் இந்த மாற்று குறையற்றதாகவே தோன்றும். ஆனால் தமிழ் வழக்கில் அது முற்றிலும் வேறொரு நிகழ்வின் பெயர் என்பதால், எழுதியவர் கருதிய பொருள் படிப்பவரைச் சென்று சேர்வதே இல்லை.

2009ஆம் ஆண்டு வெளிவந்த “ஆன் எஜுகேஷன்” என்ற பிரிட்டிஷ் படத்தை வைத்து இதைச் சோதித்துப் பார்க்கலாம். பத்திரிகையாளர் லின் பார்பர் தம் இளமைக்கால நிகழ்வொன்றைப் பற்றி எழுதிய நினைவுக்குறிப்பிலிருந்து நிக் ஹார்ன்பி திரைக்கதை அமைக்க, டென்மார்க்கைச் சேர்ந்த லோனே ஷெர்ஃபிக் இயக்கிய படம் அது. கதை நடப்பது 1961ஆம் ஆண்டில், லண்டனை ஒட்டிய டுவிக்கனத்தில். மகளை ஆக்ஸ்ஃபோர்டுக்கு அனுப்பியே தீரவேண்டும் என்று நிற்கும் தந்தையின் கண்காணிப்பில் லத்தீன் பாடத்தோடு போராடிக்கொண்டிருக்கும் ஜென்னி என்ற பதினாறு வயதுப் பெண்ணின் வாழ்க்கைக்குள், முப்பதைக் கடந்த டேவிட் என்ற பணக்காரத் தோற்றம் கொண்ட மனிதன் நுழைகிறான். இசைக் கச்சேரி, ஓவிய ஏலம், பாரிஸ் என்று அவளை அழைத்துச் செல்கிறான். இதனை “ஒரு பெண் வயதுக்கு வரும் கதை” என்று ஒருவர் அறிமுகப்படுத்தினால் தமிழ் வாசகர் என்ன நினைப்பார்? முதல் மாதவிடாய், குடிசை கட்டும் தாய்மாமன், மஞ்சள் நீராட்டு, புட்டும் உளுந்தங்களியும் என்றுதான் அவர் மனம் போகும். படத்தில் இவற்றின் சாயல்கூட இல்லை.

பெண்ணின் முதல் பூப்பைச் சொல்வதற்குத் தமிழில் சொற்கள் மிகப் பல. பூப்பெய்தினாள், பருவமடைந்தாள் என்பவை எழுத்து வழக்கு. சமைந்தாள், பெரியவளானாள், ஆளானாள் என்பவை வீட்டு வழக்கு. இலங்கைத் தமிழில் பெரியபிள்ளையானாள் என்றும் சாமத்தியப்பட்டாள் என்றும் சொல்வார்கள். இவை அனைத்தும் உடலில் ஒரு நாள் நேர்ந்துவிடும் மாற்றத்தைச் சுட்டுவன. பெண்ணுக்கு மட்டுமே உரியவை. “பையன் வயதுக்கு வந்துவிட்டான்” என்று யாரும் சொல்வதில்லை. ஆங்கிலத் தொடரோ இருபாலருக்கும் பொது என்பதோடு, உடலைப் பற்றியதாகப் பிறந்த தொடரும் அன்று.

அது பிறந்த இடம் சட்டம். லத்தீனிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த “ஏஜ்” என்ற சொல் இங்கே வெறும் வயதைக் குறிக்கவில்லை. சட்டம் ஒருவரை முழுமையானவராக ஏற்கும் வயதைக் குறிக்கிறது. இங்கிலாந்தின் பழைய பொதுச் சட்டத்தில் அது 21. படைக்கடமைக்கு ஈடாக நிலம் பெற்ற குடும்பத்தின் வாரிசு, கவசம் தாங்கிப் போர்க்களத்தில் நிற்கக்கூடிய வயதாக அதைக் கொண்டார்கள் என்பர். அந்த வயது நிறைந்த நாளில் வாரிசு காப்பாளரின் பிடியிலிருந்து நீங்கித் தன் நிலத்தைத் தானே கையாளும் உரிமை பெற்றார். கதைகளின் வகைப்பெயராக இத்தொடர் பரவியது வெகு காலம் கழித்துத்தான். ஆனால் தன் பொறுப்பைத் தானே ஏற்பது என்ற உட்கரு மாறவில்லை.

இந்தச் சட்டப் பொருள் தமிழுக்குப் புதிதன்று. “இருவரும் மேஜர் என்பதால் போலீசார் பெற்றோரைச் சமாதானப்படுத்தி அனுப்பினர்” என்று காதல் திருமணச் செய்திகளில் நாளிதழ்கள் எழுதுகின்றனவே, அதுவே ஆங்கிலத் தொடரின் ஆதிப் பொருள். அதன் மறுபுறமான “மைனர்” தமிழில் தனி வாழ்க்கையே வாழ்ந்திருக்கிறது. 1875ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம் பொதுவாக 18ஐ முழு வயதாக வைத்தாலும், நீதிமன்றம் காப்பாளர் நியமித்த பிள்ளைகளுக்கும், வயது நிறையாத வாரிசுகளின் சொத்தை நிர்வகித்த ‘கோர்ட் ஆஃப் வார்ட்ஸ்’ என்னும் அரசு அமைப்பின் பொறுப்பில் சொத்து இருந்த வாரிசுகளுக்கும் அது 21ஆக இருந்தது. அப்படிப்பட்ட ஜமீன் வீட்டு இளைஞர்களைக் குறித்த சொல், நாளடைவில் பட்டுச்சட்டையும் தங்கச் சங்கிலியுமாகப் பொறுப்பின்றித் திரியும் பணக்காரனுக்குப் பெயராகிவிட்டது. அந்தத் தமிழ்ப் பொருளில் பார்த்தால், இந்தப் படத்தில் மைனர் ஜென்னி அல்லள்; டேவிட்தான்.

கதை நடக்கும் காலத்தை மனத்தில் வைத்துப் படம் பார்ப்பவருக்கு இந்தச் சட்டப் பின்னணி இன்னொன்றையும் காட்டும். அன்றைய இங்கிலாந்தில் 16 வயது நிறைந்தவர் மணம் செய்துகொள்ளலாம். ஆனால் 21 நிறையும்வரை பெற்றோரின் இசைவு வேண்டும். முழு வயதை 18ஆகக் குறைத்த சட்டம் 1969இல்தான் இயற்றப்பட்டு அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்தது. ஆகவே டேவிட் மணக்கக் கேட்கும்போது, ஜென்னியின் சம்மதம் மட்டும் போதாது; அவள் பெற்றோரும் வசப்படவேண்டும். அதை அவன் முன்கூட்டியே முடித்துவிடுகிறான். எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ் தனக்கு வேண்டியவர் என்று சொல்லி, அவரைப் பார்க்க ஆக்ஸ்ஃபோர்டு போவதாகப் பெற்றோரை நம்பவைத்து, அவர் கையெழுத்திட்டதாக ஒரு புத்தகத்தையும் கொண்டுவந்து கொடுக்கிறான். அந்தக் கையெழுத்து பொய். படிப்பு படிப்பு என்று மகளை விரட்டிய தந்தையே, வசதியான மாப்பிள்ளை கிடைத்ததும் படிப்பை நிறுத்த ஒப்புக்கொள்கிறார்.

இலக்கியத் திறனாய்வில் இவ்வகைக் கதைகளுக்கு வழங்கும் மற்றொரு பெயர் “பில்டுங்ஸ்ரோமான்” என்ற ஜெர்மன் சொல். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மொழியறிஞர் கார்ல் மோர்கன்ஸ்டெர்ன் அதை உருவாக்க, பின்னாளில் மெய்யியலாளர் வில்ஹெல்ம் டில்தாய் பரப்பினார். “பில்டுங்” என்பதன் அடியில் இருப்பது உருவம் என்று பொருள்படும் “பில்ட்”. ஆகவே உருப்பெறுதல், உருவாக்கம் என்பது அதன் முதற்பொருள். கல்வி என்பது அதிலிருந்து கிளைத்தது. கல்வி என்று பொருள்படும் தலைப்பைத் தாங்கிய இந்தப் படத்துக்கு ஆங்கில வகைப்பெயரைவிட ஜெர்மன் வகைப்பெயர் நெருக்கமானது என்றே எனக்குப் படுகிறது.

உருவாக்கம் என்ற இந்தக் கருத்துக்குத் தமிழில் பழைய அடியொன்று உண்டு. “ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே, சான்றோன் ஆக்குதல் தந்தைக்குக் கடனே” என்கிறது பொன்முடியாரின் புறநானூற்றுப் பாடல். நிறைதல், தகுதியாதல் என்ற பொருளுடைய ‘சால்’ என்னும் வேரிலிருந்து வந்தது சான்றோன். முழு வயது என்ற கருத்துக்கு இதைவிட அழகான வேர் கிடைக்காது. ஆனால் அப்பாடலில் போர்த்திறன் நிறைந்த வீரனைக் குறித்த அச்சொல் இன்று அறிவிலும் ஒழுக்கத்திலும் உயர்ந்த பெரியவர்களுக்கு உரியதாகிவிட்டதால், பதினேழு வயதில் தட்டுத் தடுமாறி எழுந்து நிற்கும் பெண்ணுக்கு அதைச் சூட்டமுடியாது.

வேறு மாற்றுகளும் புழங்குகின்றன. “பதின்பருவக் கதை” என்பது வயதை மட்டும் சொல்கிறது, மாற்றத்தைச் சொல்லவில்லை. “விடலைப் பருவப் படம்” என்பதில் விடலை ஆண்பாற்சொல். பழைய பருவப் பகுப்பில் பேதை முதல் பேரிளம்பெண் வரையுள்ள ஏழினுள் ஜென்னியின் வயதுக்கு உரியது 14 முதல் 19 வரையுள்ள மடந்தைப் பருவம். அதனோடு தொடர்புடைய மடம் என்ற பண்புக்குப் பழைய உரையாசிரியர்கள் “கொளுத்தக் கொண்டு கொண்டது விடாமை” என்று விளக்கம் தருவர். பிறர் அறிவுறுத்துவதை ஏற்று, ஏற்றதை விடாமல் பிடித்துக்கொள்ளுதல் என்பது பொருள். டேவிட் எதை நம்பியிருந்தான் என்பதற்கு இதைவிடத் துல்லியமான விளக்கத்தை நான் கண்டதில்லை. எனினும் மடந்தை என்பது அவள் நிற்கும் இடத்தின் பெயர். அவள் கடக்கும் வழியின் பெயர் அன்று.

அந்த வழியின் பெயராக நான் முன்வைப்பது “ஆளாதல்”. இதுவும் முதல் பூப்பைக் குறிக்கும் சொற்களுள் ஒன்றுதானே என்று கேட்கலாம். ஆம்; ஆனால் “வயதுக்கு வருதல்” போல அந்த ஒரே பொருளில் இது அடைபட்டுவிடவில்லை. “தகப்பன் இல்லாத பிள்ளைகளைப் படிக்கவைத்து ஆளாக்கினாள்”, “என்னை ஆளாக்கியவர் என் வாத்தியார்” என்று ஆண், பெண் வேறுபாடின்றி நாள்தோறும் சொல்கிறோம். ஒருவர் தம் காலில் நிற்கும் மனிதராவதையே அங்கு அது குறிக்கிறது. ஆள்வது, ஆளுமை என்பனவும் இதே குடும்பத்துச் சொற்கள்; தன்னைத் தான் ஆளும் உரிமை என்ற சட்டப் பொருளும் இதனால் வேருக்கு அருகிலேயே கிடைத்துவிடுகிறது.

மூன்றாவது பொருளொன்றும் உண்டு. துன்பத்துக்கு ஆளாதல், பழிக்கு ஆளாதல், ஏமாற்றத்துக்கு ஆளாதல் என்று, நம் மேல் வந்து விழுவதற்கு உட்படுவதையும் இதே சொல்லால் சொல்கிறோம். இவ்வகைக் கதைகளுக்கு இந்தச் சொல் பொருந்துவதற்கு முதன்மையான காரணம் இதுதான் என்பேன்.

படத்தின் தொடக்கத்தை நினைத்துப் பாருங்கள். கொட்டும் மழையில் செல்லோ வாத்தியத்தைச் சுமந்தபடி ஜென்னி நிற்கிறாள். அருகில் வந்து நிற்கும் அழகிய காரிலிருந்து டேவிட் அவளை ஏறச் சொல்வதில்லை. முன்பின் தெரியாதவன் காரில் நல்ல பெண் ஏறமாட்டாள் என்று தனக்கே தெரியும் என்கிறான். தான் இசை விரும்பி, அந்த வாத்தியம் நனைவதுதான் தன் கவலை, ஆகவே அதை மட்டும் வண்டியில் வைத்துவிட்டு அவள் பக்கத்தில் நடந்து வரலாம் என்கிறான். நம்பிக்கைக்குப் பணத்தையும் நீட்டுகிறான். வாத்தியம் காரில் போக, மழையில் சிறிது தூரம் நடந்தபின், தானும் ஏறிக்கொள்ளலாமா என்று கேட்பது அவள்தான். கட்டாயம் எங்கும் இல்லை. கேட்டவள் அவளே என்று பின்னர் எவரும் சொல்லக்கூடிய விதத்தில் எல்லாம் நடந்து முடிகிறது. பெற்றோரோடு விருந்துக்குப் புறப்பட்ட மாலையில் அதே காரின் பெட்டியிலிருந்து எடுத்த கடிதங்களில் அவன் ஏற்கெனவே மணமானவன் என்று அவள் படித்தறியும்வரை, அவள் ஆட்பட்டிருக்கிறாள். படிப்பை விட்டாயிற்று, தலைமையாசிரியை மீண்டும் சேர்த்துக்கொள்ள மறுக்கிறார்.

தந்தையும் அந்த ஏமாற்றத்துக்கு ஆளானவரே. மூடிய அறைக்கதவுக்கு வெளியே தேநீரோடு வந்து நின்று, லூயிஸ் 1954ஆம் ஆண்டிலேயே கேம்பிரிட்ஜுக்குப் போய்விட்டார் என்று வானொலியில் கேட்டதை மகளிடம் சொல்கிறார். ஒரு சிறு தகவலைச் சொல்வதுபோல் தொடங்கி, தாம் வாழ்நாளெல்லாம் பயந்தே வாழ்ந்துவிட்டதாக ஒப்புக்கொள்ளும் அவருக்கும் அந்த வயதில் ஏதோ ஒன்று புலப்பட்டுவிடுகிறது. பதின்வயதினருக்கு மட்டும் உரிய ஒரு பெயர் இக்காட்சிக்குப் போதாது, ஆளாதல் போதும்.

ஆகவே வகைப்பெயராக “ஆளாகும் கதை”, “ஆளாகும் படம்” என்று எழுதலாம். “ஆளாக்கும் கதை” என்று எழுதக் கூடாது. ஆகுதல் தன்வினை, ஆக்குதல் பிறவினை. இந்த வகைக் கதையின் உயிர் அந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. தந்தை அவளை ஆக்ஸ்ஃபோர்டுக்காரியாக ஆக்கப் பார்த்தார். டேவிட் தனக்கேற்ற பெண்ணாக ஆக்கப் பார்த்தான். பள்ளியின் கதவு மூடிய பிறகு, தான் ஒருநாள் இழிவாகப் பேசிய ஆசிரியை மிஸ் ஸ்டப்ஸின் வீட்டுக்கு ஜென்னி தானாகவே போகிறாள். அந்தச் சிறிய வீட்டின் புத்தகங்களையும் சுவரிலுள்ள படங்களையும் பார்த்துவிட்டு, தனக்கு உதவி வேண்டும் என்கிறாள். அவள் அப்படிக் கேட்கவேண்டும் என்றே காத்திருந்ததாக ஆசிரியை சொல்கிறார்.